ஓட்டம் வளர்ந்தது, உதை வளர்ந்ததா? ஆஸ்திரேலியக் கால்பந்தின் கோடைப் பயிற்சி

2008 செப்டம்பர் 27 அன்று மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். ஆஸ்திரேலியன் ஃபுட்பால் லீக்கின் இறுதிப் போட்டி. அந்த ஆண்டின் 22 லீக் ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றிருந்த ஜிலாங் அணியை ஹாதோர்ன் அணி எதிர்கொண்டது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் உண்டு. நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் ஆறு புள்ளி. அவற்றுக்கும் பக்கவாட்டுக் கம்பத்துக்கும் இடையே விலகினால் ஒரே புள்ளி. அன்று ஜிலாங் 34 தடவை புள்ளி எடுத்தது, ஹாதோர்ன் 25 தடவைதான். ஆனால் கோப்பை ஹாதோர்னுக்குப் போனது, 115க்கு 89 என்ற கணக்கில். ஜிலாங்கின் 34இல் ஆறு புள்ளிக்கான உதைகள் 11 மட்டுமே. ஹாதோர்னுக்கோ 25இல் 18.

ஜிலாங் கணக்கில் சேர்ந்த ஒற்றைப் புள்ளிகளில் பல, ஹாதோர்ன் தடுப்பாளர்கள் வேண்டுமென்றே பந்தைத் தங்கள் கோட்டுக்குப் பின்னால் தள்ளியதால் வந்தவை. அடுத்த ஆண்டே லீக் அதற்குத் தடை போட்டது. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் ஜிலாங் கோட்டைவிட்ட உதைகள் ஏராளம். ஓடத் தெரியாமலோ பந்தைக் கைப்பற்ற முடியாமலோ அந்த அணி தோற்கவில்லை. கம்பத்துக்கு முன்னால் நின்று நேராக உதைக்க முடியாமல் தோற்றது.

ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்களைப் பருவம் தொடங்குமுன் எதற்குத் தயார் செய்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்க்க இந்த ஆட்டம் நல்ல நுழைவாயில். இங்கே ஆட்டப் பருவம் மார்ச்சில் தொடங்கிச் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை முடிகிறது. அதன்பின் சில வாரம் ஓய்வு. நவம்பரில் இளையவர்கள் கிளப்புக்குத் திரும்புவார்கள், மூத்தவர்கள் ஓரிரு வாரம் கழித்து வருவார்கள். கிறிஸ்துமஸ் விடுப்பு, ஜனவரி வெயில், பிப்ரவரியில் ஒத்திகை ஆட்டங்கள் என்று அந்த நான்கு மாதம் ஓடும். எல்லோரும் அதை ‘ப்ரீ-சீசன்’ என்றுதான் சொல்கிறார்கள். ஓர் ஆட்டக்காரரின் உடல் முதிர்ச்சியைக்கூட வயதால் சொல்வதில்லை, எத்தனை ப்ரீ-சீசன் முடித்திருக்கிறார் என்று கணக்கிடுகிறார்கள். நவம்பர் மாதத் தேர்வில் கிளப்புக்கு வந்து சேரும் 18 வயதுப் பையன் முதல் கோடையில் முழுப் பயிற்சியையும் செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. எலும்பும் தசைநாரும் அந்தப் பளுவுக்குப் பழக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

பளு எவ்வளவு? மைதானம் நீள்வட்டம், நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை, அகலம் 110 முதல் 155 வரை இருக்கலாம். ஓர் அணிக்கு 18 பேர். 20 நிமிடக் கால்பாகங்கள் நான்கு. பந்து நிற்கும் நேரத்துக்கு ஈடு சேர்ப்பதால் ஒவ்வொன்றும் அரை மணியை நெருங்கும். சிட்னியைச் சேர்ந்த ஆரன் கூட்ஸும் அவருடைய குழுவும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி ஓர் ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் சராசரியாக 13 கி.மீ. ஓடுகிறார். அதில் 4 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தூரம் மணிக்கு 14.4 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் ஓடியது. முதல் கால்பாகத்துக்குப் பிறகு அந்த வேக ஓட்டம் குறைந்துகொண்டே போகிறது. இதற்கு நடுவே எகிறிப் பந்து பிடிப்பதும், தோளோடு தோள் மோதுவதும், இடுப்பைக் கட்டி விழுத்துவதும், விழுந்து எழுவதும் உண்டு. கிலோமீட்டர் கணக்கு இவற்றைச் சொல்லாது.

விதிமாற்றமும் கால்களின் மேல் சுமையை ஏற்றியது. ஒரு காலத்தில் ஆட்டக்காரர்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் வெளியே அழைத்து இளைப்பாற்றி மீண்டும் அனுப்பலாம். 2014இல் ஓர் ஆட்டத்துக்கு 120 தடவை என்று வரம்பு வந்தது. 2016இல் அது 90 ஆனது, 2021இல் 75. ஆட்டக்காரர்கள் களைத்தால் களத்தில் இடைவெளி விழும், ஆட்டம் திறந்துகொள்ளும் என்பது லீக்கின் எண்ணம். கிளப்புகளோ களைக்காத ஆட்களை உருவாக்குவதில் இறங்கின.

அதற்கான அளவுகோல் எளிமையானது. முதல் நாளே 2 கி.மீ. நேர ஓட்டம் வைத்துவிடுவார்கள். ஒருவர் அதை 6 நிமிடம் 40 விநாடியில் முடித்தால் அவருடைய வேகம் விநாடிக்கு 5 மீட்டர். இதை அவருடைய உயிர்வளி வேகத்தின் உச்சமாக வைத்து, அதைவிட 20 சதவீதம் கூடுதலான வேகத்தில் 15 விநாடி ஓட்டம், 15 விநாடி ஓய்வு என்று திரும்பத் திரும்ப ஓடச் சொல்வார்கள். அவர் அந்த 15 விநாடிக்குள் 90 மீட்டர் கடக்க வேண்டும். 2 கி.மீ.யை 6 நிமிடத்தில் ஓடியவருக்கு அதே நேரத்தில் 100 மீட்டர். ஒரே விசிலுக்குக் கிளம்பி ஒரே விசிலுக்கு நிற்கும் இருவருக்கும் தூரம் வேறு, மூச்சிரைப்பு மட்டும் ஒன்று. பழைய பயிற்சியாளர்கள் எல்லோரையும் ஒரே கோடு வரை ஓடவிட்டு, பின்தங்கியவனைத் திட்டியதைவிட இது எவ்வளவோ அறிவார்ந்த முறை.

அந்தப் பழைய முறைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இந்த விளையாட்டு பிறந்ததே இன்னொரு விளையாட்டின் உடற்பயிற்சியாகத்தான். 1858 ஜூலை 10 அன்று ‘பெல்ஸ் லைஃப் இன் விக்டோரியா’ இதழில் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர் ஒரு கடிதம் எழுதினார். குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சோம்பிக் கிடந்து உடல் தளராமல் இருக்க ஒரு கால்பந்து கிளப் தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு மே மாதம் மெல்போர்ன் கிளப் விதிகளை எழுதிக்கொண்டது. கிரிக்கெட்டின் ஓய்வுக்காலத்தை நிரப்ப வந்த ஆட்டம் இன்று தன் ஓய்வுக்காலத்தையும் விட்டுவைக்காமல் கோடை முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்கள். செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். கடின உழைப்பை ஒரு கொள்கையாகவே ஆக்கியவர் ஹாதோர்னின் ஜான் கென்னடி. பள்ளி ஆசிரியரான அவர் தந்த பயிற்சியின் கடுமையால் அந்த அணிக்குக் ‘கென்னடியின் கமாண்டோக்கள்’ என்று பெயர் விழுந்தது. 1961இல் ஹாதோர்ன் தன் முதல் கோப்பையை வென்றது. வென்றவனைப் பார்த்து மற்றவர்கள் செய்வது ஒன்றுதான், தாங்களும் அதே கடுமையில் இறங்கினார்கள். மெல்போர்னின் தாவரவியல் பூங்காவைச் சுற்றி ஓடும் ‘டேன்’ பாதையில், 3.8 கி.மீ. சுற்றில், எத்தனையோ கிளப்புகளின் கோடைகள் கழிந்தன. ஆள் வாந்தி எடுத்தால் பயிற்சி பலித்தது என்ற நம்பிக்கை வெகுகாலம் நிலைத்தது. 1990களில் ஆட்டம் முழுநேரத் தொழிலான பிறகும் அது உடனே போய்விடவில்லை.

அந்த நம்பிக்கையை அசைத்தது காயங்களின் கணக்கு. லீக் 1992இலிருந்து காயங்களை முறையாகத் தொகுத்து வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு முதலிடத்தில் நிற்பது தொடையின் பின்தசைக் கிழிவு. ஒரு கிளப்பில் பருவத்துக்கு ஏறத்தாழ ஆறு பேருக்கு அது புதிதாக வருகிறது. வேகமாக ஓடும்போது கால் முன்னே வீசப்பட்டு நிலத்தைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டபடியே இழுவையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மெதுவான நீண்ட ஓட்டம் அதைப் பழக்காது. உச்ச வேகத்தை அவ்வப்போது தொட்டுப் பார்க்காத தசைதான் மார்ச் மாதத்தில் கிழிகிறது. முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்திருக்க, உடலை மெல்ல முன்னே சாய்க்கும் ‘நார்டிக்’ பயிற்சியும், வாரந்தோறும் சில முழுவேக ஓட்டங்களும் ப்ரீ-சீசனில் இடம்பிடித்தது இதனால்தான்.

அளவெடுக்கும் கருவியும் வந்து சேர்ந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே, பனியனுக்குள் செருகப்படும் ஜிபிஎஸ் பெட்டி. 2006இல் மெல்போர்னில் தொடங்கப்பட்டு இன்று உலகெங்கும் விற்கும் கேட்டபல்ட் நிறுவனம், ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்தில் நடந்த ஆய்விலிருந்து கிளைத்ததுதான். யார் எத்தனை மீட்டர், எந்த வேகத்தில், எத்தனை தடவை திடீரென முடுக்கினார் என்பதெல்லாம் பயிற்சி முடியுமுன்னே திரையில் வந்துவிடும்.

இந்த எண்களை வைத்து ஆய்வாளர் டிம் காபெட் 2016இல் ஒரு முரணை முன்வைத்தார். கடுமையான பயிற்சி காயத்தைத் தருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் படிப்படியாக ஏற்றப்பட்ட பெரிய பளு காயத்திலிருந்து காக்கிறது, திடீரென எகிறும் பளுதான் முறிக்கிறது என்றார். இந்த வாரப் பளுவை, இந்த வாரமும் சேர்ந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்தால் ஓர் எண் வரும். சராசரி 20 கி.மீ. ஓடியவர் இந்த வாரம் 30 கி.மீ. ஓடினால் அது 1.5. ஒன்றை ஒட்டி இருந்தால் பாதுகாப்பு, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. பயிற்சியாளர்களுக்கு இதைவிட வசதியான எண் கிடைக்குமா? சில ஆண்டுகளில் அது எல்லாக் கிளப்புகளின் சுவரிலும் ஏறிவிட்டது. பிறகு ஃப்ராங்கோ இம்பெல்லிஸெரி போன்றவர்கள் கணக்கையே கேள்வி கேட்டார்கள். வகுக்கப்படும் வாரம் வகுக்கும் சராசரிக்குள்ளும் இருக்கிறது, எனவே சில தொடர்புகள் கணிதத்தால் தாமாகவே தோன்றுபவை. மேலும், இந்த எண்ணைக் குறைத்தால் காயம் குறையும் என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை.

இதேபோன்ற கேள்வி இன்னொரு கண்டுபிடிப்புக்கும் பொருந்தும். கோடையில் கூடுதலாகப் பயிற்சி முடித்தவர்கள் பருவத்தில் கூடுதலான ஆட்டங்களுக்குக் கிடைத்தார்கள் என்று நிக் மர்ரேயும் காபெட்டும் மற்றவர்களும் ஒரு லீக் கிளப்பில் கண்டார்கள். பயிற்சி உடலைக் காத்ததா, அல்லது இயல்பிலேயே உறுதியான உடல்தான் பயிற்சியையும் தாங்கிப் பருவத்தையும் தாங்கியதா? இரண்டும் கலந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கிளப்புகள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கின்றன, ஏனெனில் அவர்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

சரி, ஓட்டம் ஆட்டத்தை வெல்கிறதா? இங்கேதான் ஆய்வுகள் சுவையாகின்றன. மிட்செல் மூனியும் ஸ்டூவர்ட் கார்மக்கும் மற்றவர்களும் 2011இல் காட்டியது: யோ-யோ ஓட்டச் சோதனையில் நல்ல மதிப்பெண் எடுத்தவர் ஆட்டத்தில் வேகமாக அதிகம் ஓடுகிறார், அந்த ஓட்டத்தின் வழியாகப் பந்தும் அவரிடம் அதிகம் வருகிறது. ஆனால் கோர்ட்னி சல்லிவனும் கூட்ஸும் மற்றவர்களும் 2014இல் கண்டது வேறு. அணி தோற்ற கால்பாகங்களில்தான் ஆட்டக்காரர்கள் அதிகம் ஓடியிருந்தார்கள். வென்ற கால்பாகங்களில் ஓட்டம் குறைவு, பந்தைக் கையாண்ட நேர்த்தி அதிகம். பந்து எதிராளியிடம் இருந்தால் துரத்தத்தானே வேண்டும். ஓடும் திறன் உங்களைப் பந்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கப்புறம் நடப்பதை அது தீர்மானிப்பதில்லை.

அதற்கப்புறம் நடப்பது உதை. இந்த ஆட்டத்தின் அடிப்படை உதைக்கு ‘டிராப் பன்ட்’ என்று பெயர். நீள்வட்டப் பந்தின் கூர்முனை தரையை நோக்கியிருக்க, உதைக்கும் காலுக்கு நேர் மேலே ஒரு கையால் வழிநடத்தி விட வேண்டும். பந்து தரையைத் தொடுமுன் புறங்கால் அதன் கீழ்ப்பகுதியில் பட வேண்டும். பந்து பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும். கையிலிருந்து விடுபடும் அந்தச் சிறு தொலைவில் பந்து சற்றே சாய்ந்தாலும் 50 மீட்டர் தள்ளி அது பெரிய விலகலாகிவிடும். விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உதையின் இயக்கத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கெவின் பால், தூரத்தைத் தீர்மானிப்பது முதன்மையாகப் பாதத்தின் வேகம் என்று காட்டினார். கடைசி அடியின் நீளத்துக்கும் அதில் பங்கு உண்டு.

கடந்த பல பத்தாண்டுகளில் ஆட்டக்காரர்கள் முழுநேரத் தொழிலாளர்களானார்கள், வேகம் கூடியது, உடல் திருந்தியது. கம்பத்தை நோக்கிய உதையின் துல்லியம் மட்டும் அதற்கேற்ப உயரவில்லை. காரணம் கேட்டால் கிளப்புகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: உதையும் பளுதான். உதைக்கும் காலின் முன்தொடைத் தசையும் இடுப்புக் கவட்டும் அதைத் தாங்க வேண்டும். ஓய்விலிருந்து வந்தவரை முதல் வாரமே ஐம்பது மீட்டர் உதைகளை அடுக்கச் சொன்னால் தசை கிழியும். ஆகவே நவம்பரில் குறுகிய தூரம், வாரந்தோறும் எண்ணிக்கை வரம்பு. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓட்டத்தைப் படிப்படியாக ஏற்றி உடலைப் பழக்கலாம் என்று நம்பும் அதே ஆட்கள் உதையை மட்டும் ஒடுக்கியே வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டத்துக்குப் பொருந்தும் தத்துவம் உதைக்கும் பொருந்த வேண்டும். பிப்ரவரிக்குள் ஓர் ஆட்டக்காரர் எத்தனை முழுநீள உதைகளைத் தாங்குவார் என்று திட்டமிட்டு ஏற்றிவர நான்கு மாதம் போதும். ஜிபிஎஸ் பெட்டி ஓட்டத்தைத் தானாகவே எண்ணிவிடுகிறது. உதையின் தரத்தை எண்ண ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எளிதில் அளக்க முடிவதற்கே பயிற்சியில் நேரம் போகிறது.

திறன் பயிற்சியின் வடிவத்திலும் இதே கோளாறு உண்டு. தலைமுறைகளாக எல்லாக் கிளப்புகளும் செய்துவந்தது ‘சர்க்கிள் வொர்க்’. மைதானத்தைச் சுற்றி ஆட்கள் நிற்க, பந்து ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு உதைக்கப்பட்டு வட்டமாகச் சுற்றும். பார்க்க அழகு, மூச்சும் வாங்கும். ஆனால் எதிராளி கிடையாது, யாருக்குக் கொடுப்பது என்ற முடிவும் கிடையாது. ஆட்டத்தில் கடினமானது அந்த முடிவு. இப்போது நல்ல பயிற்சியாளர்கள் சிறு பரப்பில் ஆறுக்கு ஆறு, எட்டுக்கு ஆறு என்று ஆடவிடுகிறார்கள். ஓர் அணியில் ஆள் கூடுதலாக இருந்தால் தனியாக நிற்பவனைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வரும். பரப்பைச் சுருக்கினால் கையால் குத்தி அனுப்பும் ‘ஹேண்ட்பால்’ வேகம் கூடும். ஓட்டமும் இதற்குள்ளேயே நடந்துவிடுகிறது. களைத்த காலோடு சரியாக உதைப்பது தனியாகப் படிக்க வேண்டிய பாடம், அது இங்கேதான் கிடைக்கும்.

கோடைப் பயிற்சியில் அதிசயம் தேடிய கிளப்புகளின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. காலிங்வுட் 2005 வாக்கில் தொடங்கி அமெரிக்காவின் அரிசோனா மாநில மலை நகரமான ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு ஆட்டக்காரர்களை அழைத்துப் போனது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில், மெலிந்த காற்றில் பயிற்சி. 2010இல் கோப்பை வந்தது. மலையா, நல்ல அணியா, கிளப்பின் பணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எசென்டன் கதை கசப்பானது. 2011 கடைசியில் தொடங்கிய ப்ரீ-சீசனில் ஆட்டக்காரர்களுக்கு ஊசி மருந்துத் திட்டம் ஒன்று நடந்தது. 2013 ஆகஸ்டில் லீக் அந்தக் கிளப்புக்கு 20 லட்சம் டாலர் அபராதம் விதித்து இறுதிச் சுற்றிலிருந்தும் விலக்கியது. 2016 ஜனவரியில் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 34 ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தது.

அடிலெய்ட் தேடியது மனத்தின் உறுதியை. 2017 இறுதிப் போட்டியில் தோற்ற அந்த அணி 2018 ஜனவரியில் கோல்ட் கோஸ்டில் ஒரு முகாம் நடத்தியது. நம்பிக்கையில் சொன்ன சொந்த வாழ்க்கைச் செய்திகளையே தன்மேல் ஏவினார்கள் என்று பழங்குடி ஆட்டக்காரர் எடி பெட்ஸ் 2022இல் தன்வரலாற்று நூலில் எழுதினார். அதற்குமுன் நடந்த விசாரணைகள் விதிமீறல் இல்லை என்று முடிந்திருந்தன. நூல் வந்தபின் கிளப் மன்னிப்புக் கேட்டது. முகாம் நடந்த ஆண்டில் அணி 12ஆம் இடத்தில் முடிந்தது.

பெண்கள் லீக் 2017இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் பகுதிநேர ஒப்பந்தம், குறைந்த பயிற்சி நேரம், எனவே குறுகிய ப்ரீ-சீசன். முழங்காலின் முன்குறுக்குத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகத் தெரிந்ததும் பலர் உடற்கூற்றை மட்டும் காரணம் காட்டினார்கள். சிறு வயதிலிருந்து மோதவும் விழவும் பழகாமல் இருபது வயதில் ஆட்டத்துக்கு வந்தவர்களுக்கு எத்தனை கோடைகள் கொடுக்கப்பட்டன என்பதும் சம அளவில் கேட்க வேண்டிய கேள்வி. லா ட்ரோப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து லீக் உருவாக்கிய ‘ப்ரெப் டு ப்ளே’ திட்டம் தாவி இறங்குவது, திசை மாறுவது, பிடித்து விழுத்துவது, பாதுகாப்பாக விழுவது ஆகியவற்றைப் பயிற்சி தொடங்கும் முதல் நிமிடங்களிலேயே சேர்த்தது. அதற்குக் கருவி எதுவும் வேண்டாம், அதனால் ஊர்ப்புறக் கிளப்புகளுக்கும் அது எட்டும்.

இந்த ஆட்டத்தைப் பெரும்பாலோர் ஆடுவது அந்த ஊர்ப்புறக் கிளப்புகளில்தான். அவர்களுக்குக் கோடையில் மைதானமே கிடைப்பதில்லை. மார்ச் முடியும்வரை நகராட்சி அதைக் கிரிக்கெட்டுக்கு ஒதுக்கியிருக்கும். நடு ஆடுகளத்தை மிதிக்காமல் ஓரத்திலோ பக்கத்துப் பூங்காவிலோ, வேலை முடிந்து வந்தவர்கள் வாரத்துக்கு இரண்டு மாலை கூடுகிறார்கள். பந்து விளையாட இடமில்லை என்பதால் ஓட்டத்தையே கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். அத்தகைய கிளப்பின் பயிற்சியாளருக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஒவ்வொருவரையும் பத்துக்கு மதிப்பெண் சொல்லச் சொல்லி, அதை நிமிடங்களால் பெருக்கி நோட்டில் எழுதினால் போதும். 80 நிமிடத்துக்கு 7 என்றால் 560. அந்த எண் ஒரே வாரத்தில் எகிறாமல் பார்த்துக்கொள்ளலாம். முப்பது மீட்டர் சதுரம் கிடைத்தால் ஆறுக்கு நான்கு ஆடவிடலாம், கடைசிப் பத்து நிமிடம் களைத்த கால்களோடு கம்பத்தை நோக்கி உதைக்கச் சொல்லி, விழுந்ததையும் விலகியதையும் பெயர்வாரியாகக் குறித்துக்கொள்ளலாம். ஓட்ட நேரப் பட்டியல் ஒட்டியிருக்கும் சுவரில் அந்த இரண்டாவது பட்டியலையும் ஒட்டுங்கள். எதற்கு நேரம் போதவில்லை என்பது ஜனவரி முடியுமுன் உங்களுக்கே தெரிந்துவிடும்.